பிழையும் பழியும்

மதுரையில் நடந்த வழக்குகளிலேயே அதிகம் பேசப்பட்ட வழக்கில், தண்டனை நிறைவேறிய பிறகுதான் மறுவிசாரணை நடந்தது. பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் நெடுஞ்செழியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். பிறகு கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்தாள். முத்து சிதறவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த இடத்திலேயே அரசன் விழுந்து இறந்தான். நீதிக்காக உயிரைவிட்ட அரசன் என்று பட்டிமன்றங்களில் இன்றும் கைதட்டு வாங்கித் தருகிற காட்சி இது. அந்தக் கைதட்டில் மறைந்துபோகிற ஓர் இடம் கொலைக்களக் காதையில் இருக்கிறது. அரசாணையோடு வந்த காவலர்களுக்குக் கோவலனைப் பார்த்ததும் ஐயம் வந்துவிடுகிறது. இவன் கொல்லப்படவேண்டியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு சாத்திரம் பேசி அவர்கள் வாயை அடைக்கப் பார்க்கிறான். பேச்சு முடிவதற்குள், குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆக, தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்ற எண்ணம், தண்டனை நிறைவேறும் முன்பே, அரசனின் சொந்த ஆட்களிடமே பிறந்துவிட்டது. அது ஏறிப்போக ஒரு படி அந்த ஊரில் இல்லை. காப்பியம் ஊழின் பெயரால் சொல்லும் கதையை, ஐயத்துக்கு வழியில்லாத ஓர் அரசின் கதையாகவும் படிக்கலாம்.

மேல்முறையீட்டை நாம் நிர்வாக ஏற்பாடாகவே பார்த்துப் பழகிவிட்டோம்: கட்டணம், கெடு, வக்காலத்து, தடையாணை. அதன் அடியில் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. தீர்ப்பில் நேரும் பிழை பாவமா? பழைய தர்ம நூல்களின் விடை, ஆம் என்பதே. அநீதியான தீர்ப்பின் பாவத்தை மனு ஸ்மிருதி நான்காகப் பங்கிடுகிறது: குற்றம் செய்தவனுக்குக் கால் பங்கு, பொய்ச்சாட்சிக்குக் கால் பங்கு, அவையில் இருந்தவர்களுக்குக் கால் பங்கு, அரசனுக்குக் கால் பங்கு. அந்த நூல்களுக்கு மேல்விசாரணை தெரியாது என்று சொல்ல முடியாது. குலம், தொழிற்குழு, ஊர்க்குழு, அரசன் நியமித்த அதிகாரி, கடைசியில் அரசன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் அவைகளை நாரத ஸ்மிருதி வரிசைப்படுத்துகிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் ஒரு படி போய், மறுபடி விசாரித்ததில் முதல் தீர்ப்பு முறைகேடானது என்று தெரிந்தால், தீர்ப்புச் சொன்னவர்களுக்கும் வென்ற கட்சிக்கும் வழக்குத் தொகையைப்போல இருமடங்கு தண்டம் விதிக்கிறது. நியாயமாகத் தோற்றவன் தோற்கவில்லை என்று வம்பு பண்ணி வந்து மறுபடி தோற்றால் அவனுக்கும் இருமடங்குதான். கறாரான ஏற்பாடு. இந்த உலகில் மேல்விசாரணை என்பது கீழே இருந்தவன்மேல் சாட்டப்படும் குற்றம். தீர்ப்பைத் திருத்தவேண்டும் என்றால் தீர்ப்பளித்தவனைத் தண்டித்தாக வேண்டும். இந்தக் கணக்கின்படி அரசனின் பிழைக்கு அரசனே தண்டம் கட்டவேண்டும். அவனுக்கு மேலே தண்டம் வசூலிக்க ஆள் இல்லை. பாண்டியன் உயிரைக் கட்டினான்.

இந்த முடிச்சை நவீன நீதிமன்றம் அவிழ்த்தது. அதைச் செய்தவர்கள் தத்துவவாதிகள் இல்லை, குமாஸ்தாக்களும் பதிவேடுகளும்தான். 1801 முதல் இயங்கிய சென்னை சுப்ரீம் கோர்ட்டையும் கம்பெனியின் சதர் அதாலத்தையும் ஒழித்து, 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் திறக்கப்பட்டது. மாகாணம் முழுவதன் மேல்முறையீடுகளும் ஒரே இடத்துக்கு வந்தன. அங்கே அன்றாடம் நடந்த ஒரு காரியத்தின் புதுமையை நாம் இப்போது உணர்வதில்லை. கீழமை நீதிபதி பிழைபட்டுவிட்டார் என்று மேல் நீதிபதி எழுதுவார். அந்தக் கீழமை நீதிபதி மறுநாள் காலை வழக்கம்போலத் தம் இருக்கையில் உட்கார்ந்து அடுத்த வழக்கைக் கூப்பிடுவார். அவருக்குத் தண்டமில்லை, அவமானமும் அதிகமில்லை. பிழை வேறு, பழி வேறு என்று ஆனது. பிழை திருத்தத்தக்கது, பழி தண்டிக்கத்தக்கது. மேல்முறையீட்டு மன்றம் செய்த பெரிய காரியம் இந்தப் பிரிவினைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மேலே உட்கார்ந்திருப்பவர் கூடுதல் அறிவாளி என்பதற்காக அந்த மன்றம் தேவைப்படவில்லை. ஒரு மனிதன் தவறியதை இன்னொரு மனிதன், தவறியவனைக் கொல்லாமலே, சொல்லக்கூடிய இடமாக அது தேவைப்பட்டது.

மரண தண்டனையில் இது பளிச்சென்று தெரியும். செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை நிறைவேற்றப்படக்கூடாது. 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இது இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யவேண்டும் என்றுகூட இல்லை. அவர் விரக்தியில் எதுவும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும், வழக்குக் கட்டு தானாக மேலே போகும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் படிக்கவேண்டும், கையெழுத்திடவேண்டும், தேவைப்பட்டால் மேலும் சாட்சியம் எடுக்கச் சொல்லலாம். முறையிடுபவர் யாரும் இல்லாமல் நடக்கும் மேல்முறையீடு இது. கொலைக்களத்தில் தயங்கி நின்ற அந்தக் காவலர்களின் ஐயத்தை, அவர்கள் யாரும் வாயைத் திறக்காமலே, சட்டம் தன் ஐயமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இவ்வளவு சொன்னதும் வரும் முதல் மறுப்பு வலுவானது. பிழையைப் பழியிலிருந்து பிரித்தால் பிழை யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடாதா? பாண்டியன் குறைந்தபட்சம் வெட்கப்பட்டான். இப்போது பதினைந்து ஆண்டு சிறையிலிருந்து நிரபராதி என்று வெளியே வருபவரிடம் யார் வெட்கப்படுகிறார்கள்? இதற்கு அரைகுறை விடைதான் உண்டு, அதை அரைகுறையாகவே சொல்லவேண்டும். நீதிபதியின் தலைக்குப் பதிலாகச் சட்டம் அவரிடம் வேறொன்றைக் கேட்கிறது: காரணம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆவது கட்டளை, 31ஆவது விதி, மேல்முறையீட்டு மன்றம் தன் தீர்ப்பில் முடிவுசெய்யவேண்டிய கேள்விகள் என்ன, முடிவு என்ன, முடிவுக்குக் காரணம் என்ன என்பதை எழுதவேண்டும் என்கிறது. பார்க்கச் சாதாரண விதி. ஆனால் எழுதும் கை தனக்கு மேலே ஒரு கண் இருக்கிறது என்று தெரிந்து எழுதுகிறது. பிடிக்காத முகம், சாதி அபிமானம், சாயங்கால அலுப்பு ஆகிய உண்மையான காரணங்களைக் காகிதத்தில் எழுத முடியாது. எழுதக்கூடிய காரணம் கிடைக்கும்வரை ஒருவர் தேடவேண்டியிருக்கிறது. தேடும்போது சில வேளை முடிவே மாறிவிடுகிறது. தண்டத்துக்கு அஞ்சுபவன் தன் பிழையை மறைப்பான். வாசகனை எதிர்பார்ப்பவன் தன் வாதத்தைச் சரிபார்ப்பான். இரண்டாவது பழக்கம் முதலாவதைவிட நீதிக்கு உதவும் என்று நம்பலாம். அந்தப் பதினைந்து ஆண்டுகளை அது திருப்பித் தராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கடவுளின் நீதிமன்றத்துக்கும் மனிதனின் நீதிமன்றத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் மக்கள் தங்கள் குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டுகிறார்கள். சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் அநீதி இழைத்தவர்மேல் காசு வெட்டிப் போடுகிறார்கள். பிராது என்ற சொல்லே கச்சேரியிலிருந்து கோயிலுக்குப் போனதுதான். நம் தெய்வங்கள் அரசாங்க நடைமுறையைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் அவை கற்கவில்லை, கற்கவும் தேவையில்லை. பிராதின்மேல் வரும் தீர்ப்புக்குக் காரணம் எழுதப்படாது. எல்லாம் அறிந்தவளிடம் ஏன் என்று யார் கேட்பது? காரணம் சொல்லும் கடமை, தவறக்கூடியவனுக்கு உரியது. அறியாமைதான் மேல்முறையீட்டின் அடிப்படை. சைவ மரபு இதை அழகாகத் தலைகீழாக்கியும் காட்டியிருக்கிறது. சுந்தரரை அடிமை என்று சொல்லிக்கொண்டு கிழவர் வேடத்தில் வந்த சிவன் தம் சொல்லை நம்பச் சொல்லவில்லை, ஓலையைக் காட்டினார். மணப்பந்தலில் அதைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தெறிய, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது. கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் கிழவர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்று வகைச் சான்றைப் பற்றி அவையோர் பேசினார்கள். பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு பழைய ஓலையோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாம் அறிந்தவனே மனித மன்றத்துக்குள் வந்தால் மூல ஆவணத்தை மடியில் முடிந்துகொண்டு வரவேண்டும் என்று சேக்கிழார் வைத்திருக்கிறார். சோழர் அரசில் அதிகாரியாக இருந்தவர் என்று சொல்லப்படும் கவிஞருக்குப் படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

இனி, அதிகம் உறுத்தும் மறுப்பு. மேல் மன்றம் பிழை திருத்தும் இடம் என்றால், மேலே போகப்போக உண்மை நெருங்கவேண்டும். நெருங்குகிறதா? இராமநாதபுரம் சமஸ்தானத்திலிருந்து எழுந்த இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். முதலாவது தத்து வழக்கு. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், இறந்த கணவரின் அனுமதி இல்லாமல், ஆனால் பங்காளிகளின் சம்மதத்தோடு, ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். அந்தத் தத்து செல்லாதென்றால் ராணிக்குப் பின் ஜமீன் சர்க்காருக்குப் போகும். சென்னை உயர் நீதிமன்றம் தத்து செல்லும் என்றது. மதுரை கலெக்டர் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1868இல் பிரிவி கவுன்சில் கலெக்டருக்கு எதிராகத் தீர்த்தது. இந்து சட்டத்தில் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதிய நூலையும் விஞ்சும் என்பது அதன் புகழ்பெற்ற அடிப்படை. சாம்ராஜ்யத்தின் தலைநகரிலேயே சாம்ராஜ்யத்தின் அதிகாரி தோற்றார். தொலைவு நீதிக்கு உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: ராமநாதபுரத்து அரியணையில் யார் உட்கார்ந்தாலும் லண்டனில் இருந்தவர்களுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது கமுதி வழக்கு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு அந்த உரிமை இல்லை என்றது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது சேதுபதியே சமரசத்துக்கு இசைந்தார். வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அறங்காவலர் கோயிலின் உரிமையைத் தம் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று வேறு வழிபாட்டாளர்கள் வழக்கில் சேர்ந்தார்கள், சமரசம் நிற்கவில்லை. 1901இல் உயர் நீதிமன்றமும், 1908இல் பிரிவி கவுன்சிலும் கீழ்த் தீர்ப்பையே உறுதிசெய்தன. மூன்று படிகள், ஒரே விடை. சட்டத்தின் மொழியில் இதைவிட உறுதியான முடிவு இருக்க முடியாது. இன்று அந்தத் தீர்ப்பைச் சரியென்று சொல்ல யாருக்கும் நா எழாது. கூர்ந்து பார்க்கவேண்டியது வேறொன்று. 1868இல் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றிய வழக்காறு என்ற அதே கொள்கைதான், 40 ஆண்டு கழித்து ஒரு சமூகத்தைக் கோயில் வாசலில் நிறுத்தியது. வழக்காறு ஊருக்குள் யாருடையது, அதை நிரூபிக்கக் கூண்டில் ஏறும் சாட்சிகள் யார், ஏற முடியாதவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு லண்டன் மிகத் தொலைவாக இருந்தது. தொலைவு, சார்பிலிருந்து காப்பாற்றுவதுபோலவே காட்சியிலிருந்தும் விலக்கிவிடுகிறது.

இந்த அபாயத்தை முன்கூட்டியே சொன்னவர் ஒரு கீழமை நீதிபதி. மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெரிய நூல் எழுதிய ஜே. எச். நெல்சன், 1877இல் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும் இந்து சட்டத்தைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். தமிழகத்துக் குடிகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத சமஸ்கிருத நூல்களை அவர்களுடைய சட்டம் என்று நீதிமன்றம் சுமத்துகிறது. மேலிருந்து கொடுக்கப்படும் முன்தீர்ப்புகள் கீழே உள்ள பலவகை வழக்கங்களை ஒரே அச்சில் வார்க்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. உயர் நீதிமன்ற நீதிபதி இன்னெஸ் அதற்குப் பதில் நூல் எழுதவேண்டி வந்தது. நெல்சன் சொன்னதில் மிகை உண்டு. வழக்காற்றின்மேல் அவர் வைத்த நம்பிக்கையைக் கமுதி வழக்குக் கேள்விக்குள்ளாக்குகிறது. ஆனால் அந்தக் காட்சியே போதும்: மேல் மன்றத்தின் தீர்ப்புகளைக் கீழ் நீதிபதி ஒருவர் அச்சிட்டு விமர்சிக்கிறார், மேல் நீதிபதி ஒருவர் அச்சில் பதில் சொல்கிறார். எழுதப்பட்ட காரணம் என்பதால் இது முடிந்தது. தீர்ப்பின் பிழை பாவமாகக் கருதப்பட்டிருந்தால் வாதமே நடந்திருக்காது.

கமுதிக்கும் அதே விடைதான். மூன்று மன்றங்களும் தவறின. ஆனால் என்ன காரணத்தால் என்பதை எழுதிவைத்துத் தவறின. வழக்காறு என்ற அந்தக் காரணம் எதிரே நிற்கும் குறியாகிவிட்டது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, இருந்த சட்டப்படி அது குற்றமாகக்கூடிய செயல். அதனால்தான் அந்த ஆண்டே வந்த சட்டத்துக்கு, அனுமதி தருவதோடு நில்லாமல், அனுமதித்தவர்களைப் பொறுப்பிலிருந்து காக்கும் பெயரும் சேர்ந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் மாறான வழக்கம் எதுவானாலும் என்று வழக்காற்றையே பெயர் சொல்லித் தள்ளியது. மேல்முறையீடு இங்கே நியாயத்தைத் தரவில்லை. அநியாயம் எந்தத் தூணின்மேல் நிற்கிறது என்பதை மட்டும் அடையாளம் காட்டிவிட்டுப் போனது. தூணை இடித்தவர்கள் வேறு ஆட்கள். இதை நீதிமன்றத்தின் பெருமை என்று எழுதினால் நாடார்கள் சிரிப்பார்கள். பயனே இல்லை என்று எழுதினாலும் உண்மையாகாது.

மேலே போகப்போக ஞானம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஜல்லிக்கட்டு நம் காலத்து மருந்து. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த மனுவின்மேல், 2006இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஜல்லிக்கட்டையும் சேர்த்தே தடைசெய்தார். கேட்டது மாட்டுவண்டி, கிடைத்தது வாடிவாசலுக்குப் பூட்டு. 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மறுபடி தடைசெய்தார்கள். மெரினா போராட்டமும் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் வந்தன. 2023இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதில் சட்டமன்றத்தின் கருத்தை மாற்றத் தேவையில்லை என்றார்கள். இல்லை, ஆம், இல்லை, ஆம். இதை ஏணி என்று சொல்ல முடியாது. ஊஞ்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம். கடைசிச் சொல் சரியான சொல் என்பதால் கடைசியாக இல்லை, கடைசியாக இருப்பதால் அதைச் சரியென்று நடத்துகிறோம். எங்காவது நிறுத்தியாகவேண்டும். வென்றவனுக்கும் உறக்கம் வேண்டும். 90 நாளில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யாவிட்டால் வழி அடைபடுவதும், இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கதவு திறப்பதும் இந்த இரக்கத்தின் வடிவங்கள். காசுள்ளவன் படிப்படியாக ஏறி எதிராளியைக் களைப்பால் தோற்கடிக்கிறான் என்ற குறை உண்மை; கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. அதற்கு மாற்று ஏறும் படியை இடிப்பதல்ல, படிக்கட்டைப் பக்கத்தில் கொண்டுவருவது.

அப்படிக் கொண்டுவந்ததுதான் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 அன்று, ஒத்தக்கடை பக்கம் உலகநேரியில், ஆனைமலையின் பார்வையில் அது திறக்கப்பட்டது. திருச்சி, தஞ்சாவூர், கரூர் முதல் கன்னியாகுமரி வரை 13 தென்மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. பிறகு தென்காசி தனி மாவட்டமானது. இந்த எல்லைக்குள் இருக்கும் ஊர்கள் மேல் நீதியைத் தேடி வெவ்வேறு திசையில் அலைந்தவை. புதுக்கோட்டைக்கு 1948 வரை சமஸ்தானத்தின் சொந்தத் தலைமை நீதிமன்றம் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தவரை நாகர்கோவில்காரருக்கு உயர் நீதிமன்றம் சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தில் இருந்தது. 1956இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது. மொழி பக்கத்தில் வந்தது, உயர் நீதிமன்றம் 700 கிலோமீட்டர் தள்ளிப்போனது. வாய்தா ஒன்றுக்கு இரண்டு இரவு ரயிலில். இப்போது மதுரை, அந்தத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு.

உயர் நீதிமன்றத்தைப் பிரித்தால் சட்டத்தின் ஒருமை கெடும், வட்டாரச் செல்வாக்கு நீதிபதிகளை நெருங்கும் என்ற எதிர்வாதம் இந்தியாவில் எங்கே கிளை கேட்டாலும் எழும். மீரட்டில் பல பத்தாண்டுகளாகக் கேட்டும் கிடைக்காததற்கு இத்தகைய வாதங்களும் காரணம். இது வெறும் தொழில் போட்டியின் வாதம் அல்ல, மேலே பார்த்த தொலைவின் நன்மையை நம்புகிற வாதம். ஆனால் மதுரைக் கிளை தனி நீதிமன்றம் அல்ல, ஒரே மன்றத்தின் இரண்டாம் இருப்பிடம். நீதிபதிகள் சென்னைக்கும் மதுரைக்கும் மாறிமாறி அமர்கிறார்கள். அங்கே சொன்ன சட்டம் இங்கே கட்டுப்படுத்தும். அமர்வுகள் முரண்பட்டால் முழு அமர்வுக்குப் போகும். நீதிபதி ஊர்ச்சண்டைக்குத் தொலைவாக இருக்கவேண்டும், வழக்காடுபவர் மட்டும் தொலைவாக இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே தொலைவாக எண்ணியதுதான் பழைய குழப்பம். கமுதியிலிருந்து லண்டனுக்குப் போனது காகிதம் மட்டுமே. உலகநேரிக்குக் கமுதிக்காரர் பஸ் ஏறிக் காலையில் வந்து, தன் வழக்குக் கூப்பிடும்போது பின்வரிசையில் நிற்கலாம். நிற்பதால் தீர்ப்பு மாறும் என்றில்லை. தன்னைப் பற்றிப் பேசப்படும் இடத்தில் தான் இருந்தோம் என்பது ஒரு மதிப்பு, அதற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை.

காரணமே மேல்முறையீட்டின் உயிர் என்று இவ்வளவு நேரம் வாதிட்டோம். அப்படியானால் அந்தக் காரணம் யாருக்கு எழுதப்படுகிறது என்று கேட்காமல் விட முடியாது. கீழ் நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் சொல்கிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது, பத்திரமும் அடங்கலும் தமிழில் இருக்கின்றன. வழக்கு ஒரு படி ஏறியதும் எல்லாம் ஆங்கிலமாகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது; வேறு மொழிக்கு விலக்கு பெற வழியிருந்தும், தமிழுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. சட்டச் சொற்களின் துல்லியம், பிற மாநிலத்திலிருந்து வரும் நீதிபதிகள், உச்ச நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கும் சுமை என்று சொல்லப்படும் தடைகள் பொய்யல்ல. ஆனால் மேல் மன்றம் படிப்பதற்கு ஏற்றபடி தீர்ப்பு எழுதப்படுகிறது என்பதும், தோற்றவர் படிப்பதற்கு ஏற்றபடி அல்ல என்பதும் அந்தத் தடைகளின் வழியாகவே தெரிகிறது. அண்மையில் சில தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிடத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றபடி, வரப்புத் தகராறில் 20 ஆண்டு நடந்து உலகநேரியில் தோற்ற ஒருவர் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் தோற்றோம் என்று வக்கீலிடம்தான் கேட்கவேண்டும்; வக்கீல் அடுத்த வழக்குக்குப் போகும் அவசரத்தில் சொல்லும் இரண்டு வாக்கியந்தான் அவருக்குக் கிடைக்கும் காரணம். கண்ணகி கேட்டபோது, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் தன் காரணத்தைச் சொன்னான். அது தவறான காரணம். ஆனால் அவளுக்குப் புரிந்த மொழியில் நேராக அவளிடம் சொன்னான். அதனால்தான் அடுத்த நொடியே அவளால் சிலம்பை எடுத்து அதற்கு மறுப்புச் சொல்ல முடிந்தது.